காதுக்குள் ஒரு கச்சேரி

உயர்ரக ஹெட்போன் வாங்குபவர் பணம் கொடுத்து நுணுக்கத்தை வாங்குகிறார். அந்த நுணுக்கம் யாருடைய காதில் போய்ச் சேருகிறது?

ஹெட்போன் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது, மின்சார ரயிலில் அலுவலகம் போகிறவரின் காதில் செருகியிருக்கும் சின்ன வெள்ளைக் குமிழ்கள்தான். வீட்டில் நாற்காலியில் சாய்ந்து, வேறு எந்த வேலையும் செய்யாமல் இசை கேட்பதற்கென்றே செய்யப்படும் ஹெட்போன்கள் வேறு ரகம். அவற்றை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. பருமனானவை. கம்பி நீளமானது. பலவற்றுக்குத் தனி ஆம்ப்ளிபயர் வேண்டும். விலை சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சங்களுக்குப் போகிறது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1991இல் ஆர்ஃபியஸ் என்ற ஹெட்போனை அறிமுகம் செய்தபோது 300 மட்டுமே தயாரித்தது. அதன் வாரிசு 2015இல் அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட விலை சுமார் 50,000 யூரோ. மும்பையின் புறநகரில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம்.

கருவியின் பூர்வீகம் இவ்வளவு ஆடம்பரமானதல்ல. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதேனியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். கப்பலில் வயர்லெஸ் செய்தி கேட்பதற்குத்தான் அது பயன்பட்டது. ஸ்டீரியோ இசைக்கென்று ஒரு ஹெட்போனை மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் 1958இல் கொண்டுவந்தார். இரண்டு ஆண்டுகளில் ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் காந்தமே இல்லாத மின்னூட்ட ஹெட்போனை விற்பனைக்கு விட்டது. 1968இல் சென்ஹைசர் காதுக்குப் பின்புறம் திறந்திருக்கும் ஹெட்போனை அறிமுகப்படுத்தியது. 1979இல் சோனியின் வாக்மேன் வந்து எல்லாவற்றையும் தெருவுக்கு இழுத்துச் சென்றது. வீட்டில் உட்கார்ந்து கேட்பவர்கள் சிறுபான்மையினர் ஆனார்கள். ஆனாலும் தீவிரமான சிறுபான்மையினர்.

செம்பூரில் ஹார்பர் லைன் ரயிலின் ஓசை எட்டும் தூரத்தில் வசிக்கும் அந்தத் தமிழர் அவர்களில் ஒருவர். எழுபதைத் தாண்டியவர். கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு 1975இல் பம்பாய்க்கு வந்தவர். இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் மராத்தி சீரியல், மறுபக்கம் பள்ளிக்கூடப் பையனின் கீபோர்டு பயிற்சி. நல்ல ஸ்பீக்கர்களுக்கு இடமும் இல்லை, அண்டை வீட்டாரின் பொறுமையும் இல்லை. நகரவாசிக்குக் கிடைக்கும் ஒரே தனிக் கச்சேரி மண்டபம் இரு காதுகளுக்கும் இடையில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்ததில் வியப்பில்லை.

அவர் வாங்கியது சென்ஹைசரின் எச்.டி. 650. 2003இல் வந்து, குரலிசை கேட்பவர்களிடம் பெயர் வாங்கிய மாடல். மின்தடை 300 ஓம். மடிக்கணினியில் நேராகச் செருகினால் சோர்ந்துபோய்ப் பாடுகிறது. எனவே ஒரு ஆம்ப்ளிபயர். டிஜிட்டல் எண்களை மின்னலைகளாக மாற்றித் தர இன்னொரு சிறு பெட்டி. இரண்டையும் இணைத்ததும் ஹம்மென்று ஒரு ரீங்காரம். பழைய கட்டடத்தின் மூன்று முனை பிளக்கில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்ய ஒரு வாரம் ஆயிற்று. புது ஹெட்போன் தலையை இறுக்கிப் பிடித்தது. காதைச் சுற்றியுள்ள மெத்தை வெல்வெட் போன்ற துணி. மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் அதற்குள் வியர்வை சேர்ந்தது. மின்விசிறியைப் போட்டாலோ திறந்த முதுகு வழியாக விசிறியின் ஓசை உள்ளே நுழைந்து தம்புராவோடு சேர்ந்துகொண்டது. ஜெர்மனியில் வடிவமைத்தவர்களுக்குத் தோன்றியிராத சிக்கல்கள் இவை.

இத்தனைக்கும் பிறகு கிடைத்தது என்ன?

முதலில் தம்புரா. வீட்டு ரேடியோவிலும் பழைய டூ இன் ஒன்னிலும் பாட்டுக்குப் பின்னால் மங்கலான ஒரு திரையாக இருந்தது, இங்கே நான்கு தனித்தனிக் கம்பிகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு மீட்டலிலும் நாதம் ஒரு புள்ளியில் தொடங்கி மேல் ஸ்வரங்களாக விரிந்து ஒளிர்ந்து அடங்குவது தெரிந்தது. இதன் ரகசியத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் சி.வி. ராமன். கல்கத்தாவில் இருந்தபோது, 1921இல் வெளியான கட்டுரையில், தம்புராவின் வளைந்த குதிரையும் அதன்மேல் கம்பிக்கு அடியில் செருகும் ஜீவாளி நூலும் சேர்ந்து வழக்கமான கம்பி விதிகளின்படி ஒலிக்கக் கூடாத மேல் ஸ்வரங்களைக்கூட எழுப்புகின்றன என்று அவர் காட்டினார். மிருதங்கத்தைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். வலந்தலையின் நடுவே உள்ள கறுப்பு வட்டம்தான் தோல் கருவியின் ஒழுங்கற்ற ஓசையை ஸ்வரமாக மாற்றுகிறது. ராமன் ஆய்வுக்கூடத்தில் அளந்ததைச் செம்பூரில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்க முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து மனிதர்கள். பாடகர் மூச்சிழுப்பது, வயலின்காரர் வில்லைத் திருப்புவது, சபையில் யாரோ இருமுவது, தாளம் போடும் கை தொடையில் படுவது. பழைய வானொலிக் கச்சேரிகளில் ஒரு பக்கவாத்தியக்காரர் 'ஆஹா' என்று மெல்லச் சொல்வது பல ஆண்டுகளாகக் கேட்ட பாட்டில் முதல் முறையாகக் காதில் விழுகிறது. பதிவு செய்தவர்கள் மறைக்க நினைத்தவையும் வெளிவருகின்றன. டேப்பை வெட்டி ஒட்டிய இடம், ஆலாபனையின் நடுவே ஒலிப்பதிவாளர் மைக்கின் அளவைக் குறைத்த கணம். இந்த ஹெட்போன் மேல் ஸ்தாயியைச் சற்று மிருதுவாகக் காட்டக்கூடியது என்பதால் தேய்ந்த பதிவுகளின் இரைச்சல் ஓரளவு மன்னிக்கப்படுகிறது. மட்டமான பதிவை மன்னிக்காத, இதைவிட விலை கூடிய ஹெட்போன்களும் உண்டு. பழைய கச்சேரிகளை நேசிப்பவர்கள் அவற்றிடமிருந்து விலகி இருப்பது உத்தமம்.

சினிமாப் பாடல்கள் வேறு அனுபவம். எண்பதுகளின் தொடக்க காலத்து ஸ்டீரியோ பதிவுகளில் கிட்டார் முழுக்க இடது காதிலும் வயலின் கூட்டம் முழுக்க வலது காதிலுமாக ஒதுக்கப்பட்டிருக்கும். ஸ்பீக்கரில் கேட்டால் அறையின் காற்று இரண்டையும் கலந்துவிடும். ஹெட்போனில் கலப்பதற்கு ஆள் இல்லை. ஆனால் அதே காரணத்தால் பாட்டின் எலும்புக்கூடு தெரிகிறது. 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பில் எந்த வயலின் வரிசை எப்போது மற்றதைக் குறுக்கே வெட்டிப் போகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். 1992இன் 'ரோஜா' பாடல்களில் கீழ் ஸ்தாயி எவ்வளவு கவனமாக அடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் அப்படித்தான் புரிகிறது.

ஹெட்போனால் முடியாததும் இருக்கிறது. எதிரே ஒருவர் பாடினால் அவர் குரல் இரு காதுகளுக்கும் வருகிறது. பக்கவாட்டிலிருந்து வந்தால் ஒரு காதுக்கு முந்தியும் மற்றதற்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பிந்தியும் வருகிறது. தலையும் காது மடலும் அந்த ஒலியை வளைத்துச் செதுக்குகின்றன. ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிப்பது இந்தத் தடயங்களை வைத்துத்தான். ஹெட்போன் இவற்றில் பெரும்பாலானவற்றை அழித்துவிடுகிறது. விளைவு, கச்சேரி எதிரே நடக்காமல் மண்டைக்குள் நடக்கிறது. மோனோ பதிவாக இருந்தால் பாடகர் நெற்றிப் பொட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறார்.

'நிஜம் போல ஒலிக்கிறது' என்பது இந்தப் பொழுதுபோக்கின் உச்சபட்சப் பாராட்டு. ஆனால் எந்த நிஜம்? செம்பூர்க்காரர் நூற்றுக்கணக்கான கச்சேரிகளைக் கேட்டது சயானில் உள்ள ஷண்முகானந்தா அரங்கில், 1990இல் தீ விபத்துக்குள்ளாகிப் பின்னர் புதுப்பிக்கப்பட்ட அதே அரங்கில். அங்கே பால்கனியில் உட்கார்ந்தவர் காதுக்கு வந்தது மைக்கும் பெட்டி ஸ்பீக்கரும் வழியே வந்த குரல். கர்நாடக இசை ரசிகர்களில் பல தலைமுறையினர் மைக் இல்லாத குரலை அருகிலிருந்து கேட்டதே இல்லை. பாடகரிடமிருந்து மூன்றடி தள்ளி உட்கார்ந்து கேட்கும் அனுபவம் குருவின் எதிரே உட்காரும் சிஷ்யர்களுக்கு மட்டும் வாய்த்தது. நல்ல ஹெட்போன் அந்த இடத்தில் ரசிகரைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. அது அரங்கின் நிஜமல்ல. ஒருவேளை அதைவிட அந்தரங்கமான வேறொன்று.

ஒரு வார இறுதியில் புணேயிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தன் ஸ்டாக்ஸ் ஹெட்போனைக் கொண்டுவந்தார். சாதாரண ஹெட்போனில் கம்பிச் சுருள் ஒன்று காந்தத்துக்குள் அசைந்து சிறு கூம்பைத் தள்ளுகிறது. ஸ்டாக்ஸில் சுருளும் இல்லை, கூம்பும் இல்லை. துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே, மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய பிளாஸ்டிக் படலம் சில நூறு வோல்ட் மின்னூட்டத்தில் மிதக்கிறது. அதை இயக்கத் தனிப் பெட்டி. நிறுவனம் இதை ஹெட்போன் என்று சொல்வதில்லை, 'இயர் ஸ்பீக்கர்' என்கிறது. வீணையில் விரல் மெட்டை விட்டு எழும் சிறு உராய்வு, மிருதங்கத்தில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக விழுவது என்று எல்லாமே வேகமாக, எடையில்லாமல் வந்தன. தொப்பியின் கனத்த கும்கி மட்டும் வயிற்றில் இறங்கவில்லை. நண்பருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. வீட்டுக்காரருக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலைவரை விவாதம் நடந்தது. முடிவு எட்டப்படவில்லை.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவு என்ன என்பது இந்த உலகில் நாசூக்காகத் தவிர்க்கப்படும் கேள்வி. 2017இல் ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அலைவரிசைத் தன்மைகளை ஆராய்ந்து, அதற்கும் விலைக்கும் தொடர்பில்லை என்று எழுதினார். ஒலியில் எல்லாமே அலைவரிசை அளவில் அடங்கிவிடுவதில்லைதான். ஆனாலும் லட்ச ரூபாய் கொடுத்தவர் இரவில் தூங்கப் போகுமுன் யோசிக்க வேண்டிய விஷயம். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் அப்பாவுக்கு வேறொரு சோதனை வைத்தான். ஒரே பாட்டு, ஒன்று குறுந்தகட்டின் முழுத் தரத்தில், மற்றது நன்றாகச் சுருக்கப்பட்ட எம்.பி.3யாக. எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி பத்து முறை போட்டான். அப்பா ஆறு முறை சரியாகச் சொன்னார். "நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும்ப்பா" என்றான் மகன். அவர் பதில் சொல்லாமல் ஹெட்போனின் கம்பியைச் சுற்றி வைத்தார்.

அந்த விடுமுறையில்தான் மகனின் வற்புறுத்தலால் காது பரிசோதனைக்குப் போனார். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ்வரை ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்து வரைபடம் எடுத்தார்கள். 2,000 வரை கோடு ஏறக்குறைய சமமாகப் போயிற்று. 4,000இல் பள்ளத்தாக்கு போலச் சரிந்தது. அதற்கு மேலும் அதிகம் தேறவில்லை. வயதானால் மேல் ஸ்தாயி குறைவது எல்லோருக்கும் நடப்பது. ஆனால் 4,000 ஹெர்ட்ஸ் அருகே விழும் அந்தப் பள்ளம், பெருஞ்சத்தத்தில் வேலை செய்தவர்களின் வரைபடத்தில் மருத்துவர்கள் தேடும் அடையாளம். "எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார் பரிசோதித்தவர்.

1975 முதல் 1982 வரை பரேல் பகுதிப் பஞ்சாலை ஒன்றின் தறிக்கூடத்தில் மேற்பார்வையாளர். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரையின் கீழ். தறிக்கூடத்தில் 95 டெசிபலுக்கு மேல் சத்தம் இருப்பது சாதாரணம். இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் உச்சவரம்பு 90 டெசிபல். டெசிபல் கணக்கில் ஐந்து கூடுவது சின்ன வித்தியாசம் இல்லை. காதுக்குள் பஞ்சைத் திணித்துக்கொள்வதோடு பாதுகாப்பு முடிந்தது. தொழிலாளர்கள் உதட்டசைவையும் கைச்சாடையையும் வைத்தே பேசிக்கொள்வார்கள். வெளியே வந்த பிறகும் உரக்கவே பேசுவார்கள். மேற்பார்வையாளராவது அவ்வப்போது அலுவலக அறைக்குப் போய் வரலாம். தறியில் நிற்பவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. 1982 ஜனவரியில் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பரேலில் இன்று ஆலைகள் நின்ற இடத்தில் ஷாப்பிங் மால்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. தறிச் சத்தம் போய்விட்டது. அதைக் கேட்ட காதுகளில் அது விட்டுச்சென்ற பள்ளம் போகவில்லை.

உயர்ரக ஹெட்போன்களின் விளம்பரங்கள் 40,000 ஹெர்ட்ஸ், 50,000 ஹெர்ட்ஸ் என்று வாக்குறுதி கொடுக்கின்றன. மனிதக் காது இளமையில் எட்டுவதே 20,000தான். செம்பூர்க்காரருக்கு அதில் பெரும்பகுதி பல ஆண்டுகளுக்கு முன்பே மூடிவிட்ட கதவு. 'மிருதுவான மேல் ஸ்தாயி' என்று தன் ஹெட்போனைப் பற்றி நண்பர்களிடம் அவர் பாராட்டியதில் சென்ஹைசரின் பங்கு எவ்வளவு, பஞ்சாலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. குறுந்தகடு, மாற்றுப்பெட்டி, ஆம்ப்ளிபயர், ஹெட்போன் என்று நீளும் சங்கிலியில் எல்லாவற்றையும் மாற்றலாம். கடைசிக் கண்ணியை மட்டும் மாற்ற முடியாது.

ஆனால் காது மட்டும்தான் கேட்கிறதா என்ற கேள்வியை அந்த வீட்டில் எழுப்பியது அவர் மனைவி. திருமணத்துக்கு முன்பும் பின்பும் மாதுங்காவில் முறையாகப் பாட்டு கற்றவர். 1984இல் வீட்டிலேயே டூ இன் ஒன்னில் பதிவு செய்த அவரது கேசட் ஒன்று அலமாரியில் கிடந்தது. மகன் அதைக் கணினிக்கு மாற்றித் தந்தான். கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனை, பின்னால் தம்புரா, நடுவே குழந்தையின் அழுகை, குக்கரின் விசில். கணவர் பத்து நாள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மனைவியின் முப்பது வயதுக் குரல் இவ்வளவு அருகில் கேட்பதே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. சமையலறையின் தூரம் தெரிகிறது, குழந்தை இடது பக்கத்து அறையிலிருந்து அழுவது போலத் தோன்றுகிறது என்றெல்லாம் வர்ணித்தார். ஒற்றை மைக்கில் எடுத்த மோனோ பதிவில் இடமும் வலமும் ஏது என்று மகன் கேட்கவில்லை.

மனைவி ஹெட்போனை மாட்டிக்கொள்ள முதலில் மறுத்தார். தன் குரலைத் தானே கேட்பது கூச்சம். பிறகு ஒரு பிற்பகலில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்னங்க, தம்புராவில் பஞ்சமம் இறங்கியிருக்கே, கேட்கலையா உங்களுக்கு?"

கேசட் மெதுவாக ஓடியிருக்குமோ என்றார் கணவர். டேப் மெதுவாக ஓடினால் குரலும் தம்புராவும் சேர்ந்தே இறங்கும், இது பஞ்சமக் கம்பி மட்டும் தளர்ந்திருக்கிறது என்றார் மனைவி. அந்தக் கம்பியின் அடிப்படைச் சுருதி சில நூறு ஹெர்ட்ஸுக்குள் அடங்குவது. காது வரைபடத்தில் கோடு சமமாகப் போன பகுதி. ஒலி அவர் செவிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. பத்து நாளும் வந்தது. கேட்பதற்குத் தேவைப்பட்டது வேறொன்று. தினமும் விடியற்காலையில் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்த கைகளின் நினைவு அது. அதற்கு எந்தக் கடையிலும் விலை போட்டு வைத்திருக்கவில்லை.

இதனால் ஹெட்போன் வீண் என்று முடிவுகட்டுவது தவறு. அந்தப் பஞ்சமத்தைப் பழைய டூ இன் ஒன்னின் ஸ்பீக்கரில் மனைவியாலும் கண்டுபிடித்திருக்க முடியுமா என்பது சந்தேகம். கருவி தெளிவாகக் காட்டியது, பழகிய மனம் அதைப் பிடித்தது. இரண்டில் முதலாவதற்கு மட்டுமே அளவுக்கு மேல் செலவாகிறது. அவர்கள் வீட்டில் இப்போது ஒரு புது வழக்கம். ஒரு பாட்டை முதலில் அவர் கேட்கிறார், பிறகு அவர் மனைவி. அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஒரே ரேடியோவைச் சுற்றி வீடு முழுதும் உட்கார்ந்த காலத்தை ஹெட்போன் திருப்பித் தராது. ஒருவர் அதை மாட்டிக்கொண்டால் மற்றவருக்கு அவர் வெளியூர் போனவர் மாதிரிதான். திரும்பி வந்து சொல்ல ஏதாவது இருந்தால் அந்தப் பயணம் பரவாயில்லை.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மேல் ஸ்தாயி குறைந்த காதுக்குப் பாட்டு மங்கலாகத் தோன்றும்போது கை தானாகவே ஒலியைக் கூட்டும். நல்ல ஹெட்போனில் உரத்த ஒலியும் உறுத்தாது, கரகரப்பில்லாமல் கூடிக்கொண்டே போகும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிறது. 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் நான்கு மணி நேரம்தான். தறிக்கூடத்தில் நின்றவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கிறது. ஆம்ப்ளிபயரின் குமிழுக்குப் பக்கத்தில் மனைவி சிவப்பு நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். குமிழின் வெள்ளைக் கோடு அந்தப் புள்ளியைத் தாண்டுவதில்லை.